ஆண்டின் பாடல்களை யார் தெரிவு செய்வது: எண்ணிக்கையா, நேயரா, அறிவிப்பாளரா?

டிசம்பர் பிறந்ததும் கொழும்பிலுள்ள தமிழ் வானொலிக் கலையகங்களில் ஒரு கேள்வி கட்டாயம் எழும். ஆண்டிறுதி இசை நிகழ்ச்சியை இந்த முறை எப்படிச் செய்வது? மூன்று மணித்தியாலம் ஒதுக்கியாயிற்று. அனுசரணையாளரும் இருக்கிறார். அந்த நேரத்துக்குள் எந்தப் பாடல் வரும், எது வெளியே நிற்கும், அதைத் தீர்மானிப்பது யார் என்பதில்தான் இழுபறி.

வழிகள் மூன்று. யூடியூப், ஸ்பொட்டிபை எண்ணிக்கையைப் பார்த்துப் பட்டியல் போடலாம். நேயர்களிடம் வட்ஸ்அப்பில் வாக்குக் கேட்கலாம். அல்லது அறிவிப்பாளர் தனக்குப் பிடித்த பாடல்களைத் தானே தெரிவு செய்து, ஏன் பிடித்தது என்று சொல்லி ஒலிபரப்பலாம். நான் மூன்றாவது வழியின் பக்கம். அறிவிப்பாளர் என்பதால் அப்படித்தான் சொல்வேன் என்று நினைக்க வேண்டாம். மற்ற இரண்டு வழிகளும் எங்கே நன்றாக வேலை செய்கின்றன, எங்கே நம் நாட்டுக்குப் பொருந்தாமல் போகின்றன என்று பார்த்த பிறகுதான் இந்த முடிவுக்கு வந்தேன்.

இந்த 2025ஆம் ஆண்டு இதைப் பற்றிக் கொஞ்சம் ஆழமாக யோசிக்க இன்னொரு காரணமும் உண்டு. கொழும்பில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது 1925 டிசம்பர் 16ஆம் திகதி. நூறு ஆண்டு நிறைவாகிறது. பாடல்களை வரிசைப்படுத்தி வாரா வாரம் ஒலிபரப்பும் பழக்கம் இந்தப் பிராந்தியத்தில் பெரிதாகப் பரவியதும் கொழும்பிலிருந்துதான். 1952இல் இலங்கை வானொலியின் ஹிந்தி ஒலிபரப்பில் தொடங்கிய பினாக்கா கீத்மாலா நிகழ்ச்சியை அமீன் சயானி பல பத்தாண்டுகள் நடத்தினார். அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. இந்தியா முழுக்கக் கொழும்பைத் திருப்பி வைத்துக் கேட்டார்கள். அந்த வரிசையை எப்படிப் போட்டார்கள் தெரியுமா? இசைத்தட்டுக் கடைகளின் விற்பனைக் கணக்கும் வேண்டும், நேயர் மன்றங்களின் கருத்தும் வேண்டும். அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வதற்கு அமீன் சயானியின் குரல். நாம் இன்று மூன்று வழி என்று பிரித்துப் பேசுகிற எல்லாமே அந்த ஒரு நிகழ்ச்சிக்குள் இருந்தன.

தமிழிலும் அப்படித்தான். இலங்கை வானொலியின் பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சியைக் காலையில் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றும் கொழும்பிலும் இருக்கிறார்கள், தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள். எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் என்று அவர்கள் முதலில் சொல்வது அறிவிப்பாளர்களின் பெயர்களைத்தான். ஒரு பாட்டுக்கு முன்னால் இவர் என்ன சொல்வார் என்று காத்திருந்தார்கள். அந்த எதிர்பார்ப்பை இன்றைய நிலையங்களில் நாம் எவ்வளவு தூரம் கைவிட்டுவிட்டோம் என்பதுதான் எனக்குக் கவலை.

சரி, முதலில் எண்ணிக்கை.

இதில் வேலை குறைவு, சண்டையும் குறைவு. ஏன் இந்தப் பாட்டு முதலிடம் என்று யாரும் கேட்டால், இத்தனை கோடிப் பார்வைகள் என்று சொல்லிவிடலாம். அனுசரணையாளருக்கும் பிடிக்கும். ஆனால் அந்த எண் எதை அளக்கிறது என்று பார்த்தால் விஷயம் வேறாகிறது. ஸ்பொட்டிபையில் ஒரு பாடல் 30 விநாடி ஓடினால் ஒரு கணக்கு. யூடியூப் ஷோர்ட்ஸில் 2025 மார்ச் 31 முதல் வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை. இவ்வளவு நேரம் பார்த்திருக்க வேண்டும் என்ற எல்லையே கிடையாது. விரல் தட்டிக் கடந்து போனவரும் பார்த்தவர்தான். ஆக, இந்த ஆண்டின் ஷோர்ட்ஸ் எண்ணிக்கையைப் போன ஆண்டின் எண்ணிக்கையோடு வைத்து, பாட்டு இவ்வளவு வளர்ந்துவிட்டது என்று சொல்வதில் அர்த்தமில்லை.

எடுத்துக்காட்டுக்கு ‘கனிமா’வை எடுப்போம். சந்தோஷ் நாராயணன் இசையில் ரெட்ரோ படத்துக்காக மார்ச்சில் வந்தது. படம் மே 1இல் வந்தது. அந்த ஆட்டத்தின் ஓர் அசைவைப் பிடித்துக்கொண்டு கலியாண வீடுகளிலும் டிக்டொக்கிலும் ஆடியவர்களுக்குக் கணக்கில்லை. எனக்கும் அந்தப் பாட்டுப் பிடிக்கும். கலியாண வீட்டுச் சத்தத்தை அப்படியே தாளத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார். ஆனால் அதன் எண்ணிக்கையில் பாதி ஆட்டத்துக்கு உரியது. கூலி படத்தின் ‘மோனிகா’வும் அப்படியே. ஜூலையில் வந்த அந்தப் பாட்டில் சௌபின் சாஹிரின் ஆட்டத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு அநிருத்தின் மெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. வானொலியில் ஆட்டம் தெரியாது. கண்ணுக்குக் கிடைத்த வெற்றியைக் காதுக்கான பட்டியலில் அப்படியே கொண்டுவந்து வைப்பது சரியா?

காலக் கணக்கும் இருக்கிறது. மார்ச்சில் வந்த பாட்டுக்கு டிசம்பர் வரை ஒன்பது மாதம் கிடைக்கிறது. ஒக்டோபர் தீபாவளிக்கு வந்த பைசன் படத்தின் பாடல்களுக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. பைசனுக்கு நிவாஸ் கே. பிரசன்னா செய்த இசை இன்னும் ஊருக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. எண்ணிக்கைப் பட்டியலில் அது கீழேதான் நிற்கும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது இன்னொன்று. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் சனத்தொகை 7.2 கோடி. இலங்கையில் 2012 கணக்கெடுப்பின்படி இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள் எல்லாரையும் சேர்த்தால் சுமார் 50 இலட்சம். இந்த இரண்டையும் ஒரே யூடியூப் எண்ணிக்கையில் போட்டால் விடை முன்கூட்டியே தெரிந்ததுதான். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு பிள்ளை எவ்வளவு நல்ல பாட்டைச் செய்தாலும் அந்தப் பட்டியலுக்குள் வர வழியில்லை. ஸ்பொட்டிபையில் 12 மாதத்தில் ஆயிரம் தடவை கேட்கப்படாத பாடலுக்குப் பணமே கிடையாது என்பது 2024 முதல் நடைமுறை. அங்கேயும் கணக்கில் இல்லை, உள்ளூர் வானொலியிலும் கணக்கில் இல்லை என்றால் அந்தப் பிள்ளை எங்கே போவது? சென்னையில் தயாரான பட்டியலைக் கொழும்பில் வாசித்துக் காட்டுவதற்கு ஓர் அறிவிப்பாளர் தேவையில்லை.

எண்ணிக்கையை நான் பார்க்காமல் இருப்பதில்லை. ஆண்டு முழுக்க எது ஓடியது என்று தெரியாமல் நிகழ்ச்சி செய்யக் கூடாது. பாடல்களைத் தேட அது நல்ல இடம். முடிவெடுக்கத்தான் அதை நம்ப மாட்டேன்.

அடுத்தது நேயர் வாக்கு. இந்த வழியில் எனக்கு உண்மையான மரியாதை இருக்கிறது. வானொலி நேயரோடு சேர்ந்து செய்கிற வேலை. இரவு நிகழ்ச்சிக்கு அழைப்பவர்களைக் கேட்டால் தெரியும்: ஓட்டோ ஓடுகிறவர், புறக்கோட்டையில் கடை அடைத்துவிட்டு அறைக்குப் போகிற மலையகத்துப் பையன், தையல் வேலைக்கு இடையில் பேசுகிற அக்கா, கட்டாரிலிருந்து இணையத்தில் கேட்கிற தம்பி. இவர்கள் சொல்கிற பாடல்கள் எந்தத் தரவரிசையிலும் இருக்காது. ஆண்டின் சிறந்த பாட்டு என்று கேட்டால் 1996இல் வந்த நாட்டுப்புறப் பாட்டு படத்தின் ‘ஒத்த ரூபாயும் தாரேன்’ என்று பதில் வரும். அது பிழையான பதில் என்று நான் நினைக்கவில்லை. ஏப்ரலில் குட் பேட் அக்லி படம் வந்து அந்தப் பாட்டை மறுபடியும் எல்லார் வாயிலும் போட்டது. நேயர் தன் ஆண்டைத்தான் சொல்கிறார்.

ஆனால் வாக்கெடுப்பாக மாறும்போது வேறு ஒன்று நடக்கிறது. பாட்டுக்கான வாக்கு நடிகருக்கான வாக்காகிவிடும். ரசிகர் குழுக்கள் ஒன்றுசேர்ந்து ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் செய்தி அனுப்பும். அவர்களுடைய ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இசையைப் பற்றி அந்த வாக்கு எதுவும் சொல்வதில்லை. கையில் கைபேசியும் டேட்டாவும் நேரமும் உள்ளவர்கள்தான் வாக்களிக்கிறார்கள். சமையலறையில் வானொலியைப் போட்டுவிட்டு வேலை செய்கிற அம்மா வாக்களிப்பதில்லை. முடிதிருத்தும் கடையில் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிற ஐயா வாக்களிப்பதில்லை. எங்கள் நேயர்களில் அதிக நேரம் கேட்கிறவர்கள் இவர்கள்தான்.

இந்த ஆண்டுக்கு இது இன்னும் பெரிய விஷயம். நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் 600க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். மலையகத்தில் மண்சரிவு, களனி கங்கை பெருகிக் கொழும்பின் ஓரங்களில் வெள்ளம். பதுளையிலும் நுவரெலியாவிலும் கண்டியிலும் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் எத்தனையோ போய்விட்டன. பல நாட்கள் மின்சாரமும் இல்லை, சிக்னலும் இல்லை. இப்படிப்பட்ட டிசம்பரில் ஒரு வாக்கெடுப்பை நடத்தி, இதுதான் இலங்கைத் தமிழ் நேயர்களின் தெரிவு என்று அறிவித்தால், அதில் மலையகம் இருக்காது. பாட்டைப் பற்றி யோசிக்கிற நிலையில் அவர்கள் இல்லை. அவர்களை விட்டுவிட்டு எண்ணிய வாக்கை என்னால் அப்படிப் பெயர் சொல்லி வாசிக்க முடியாது.

ஆகவே நேயரை எடுத்துக்கொள்கிறேன், வாக்கை விட்டுவிடுகிறேன். “உங்கள் ஆண்டில் ஒரு பாட்டு எங்கே வந்தது, சொல்லுங்கள்” என்று கேட்டு, குரல் பதிவாக அனுப்பச் சொல்லலாம். எண்ண மாட்டோம், கேட்போம். ஒரே ஒருவர் சொன்ன பாட்டானாலும் அவர் சொன்ன காரணம் நன்றாக இருந்தால் அது ஒலிபரப்பாகும். பத்துப் பேர் சொன்ன காரணத்தைவிட ஒருவர் சொன்ன காரணம் ஆழமாக இருப்பது உண்டு.

இனி மூன்றாவது வழி. ஓர் அறிவிப்பாளர் தன் விருப்பத்தைச் சொல்வது என்றால் என்ன என்பதை என் பட்டியலிலிருந்தே காட்டுகிறேன்.

இந்த ஆண்டில் எனக்கு மிகவும் பிடித்த பாட்டு தக் லைஃப் படத்தின் ‘முத்த மழை’. ரஹ்மானின் இசை. படம் ஜூன் 5இல் வந்தது, எதிர்பார்த்த மாதிரிப் போகவில்லை. ஆனால் பாட்டு நின்றது. அது நின்ற விதம்தான் பேச வேண்டியது. தமிழில் பாடியவர் தீ என்ற பாடகி. மே மாதம் சென்னையில் நடந்த இசை வெளியீட்டுக்குத் தீ வர முடியாததால் மேடையில் சின்மயி பாடினார். தெலுங்கிலும் ஹிந்தியிலும் அதைப் பாடியவர் அவர்தான். அந்த மேடைப் பதிவு பரவிய வேகத்தில், எது நல்ல பதிவு, எது நல்ல குரல் என்று உலகத்துத் தமிழர் எல்லாம் இரண்டாகப் பிரிந்து வாதாடினார்கள். சின்மயியின் குரலில் அந்தப் பாட்டு மலர்ந்து விரிகிறது. சொற்கள் தெளிவாக விழுகின்றன. மேடைக்கு அது மிகப் பொருத்தம். தீயின் குரலில் ஒரு கரகரப்பும் தயக்கமும் இருக்கிறது. ஆசையைச் சொல்லலாமா வேண்டாமா என்று தடுமாறுகிற மாதிரி. இரவு நிகழ்ச்சியில், ஹெட்போனில், தனியாகக் கேட்கிறவருக்கு நான் போடுவது தீயின் பதிவைத்தான். நிகழ்ச்சியில் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பகுதியைப் போட்டுவிட்டு இதைச் சொல்வேன். எண்ணிக்கைப் பட்டியல் இதை எப்படிச் சொல்லும்? இரண்டு பதிவுகளின் பார்வைகளையும் கூட்டுமா, தனித்தனியாக வைக்குமா?

தீ ஈழத்தமிழ்க் குடும்பத்தில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர். 2021இல் அவரும் ராப் பாடகர் அறிவும் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’க்குள் இருக்கிற வள்ளியம்மாள் அறிவின் பாட்டி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு இந்தியாவுக்குத் திரும்பியவர். அந்தப் பாட்டுக்கு உலகம் முழுக்க ஆடினார்கள். அதில் நுவரெலியாவின் கதை இருக்கிறது என்று நம் நேயருக்குச் சொல்ல வேண்டியது யார்? கொழும்பில் மைக்குக்கு முன்னால் இருப்பவர்தான். தெரிவு என்று நான் சொல்வது பாட்டைப் பொறுக்குவதை மட்டுமல்ல, அந்தப் பாட்டோடு சேர்த்துச் சொல்கிற இந்தப் பேச்சையும்தான்.

டூரிஸ்ட் ஃபேமிலி படத்துக்கு ஷோன் ரோல்டன் செய்த இசையும் என் பட்டியலில் உண்டு. பொருளாதார நெருக்கடியில் இலங்கையை விட்டுச் சென்னைக்குப் போகிற ஒரு குடும்பத்தின் கதை. நாம் பேசுகிற தமிழைத் தமிழ்நாட்டுத் திரையில் மரியாதையோடு கேட்ட மே மாதம் அது. இசையில் பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. எண்ணிக்கையில் ‘கனிமா’வுக்கு அருகில்கூட வராது. ஆனால் 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற எங்களுக்கு அந்தப் படத்தின் மெட்டுகள் வேறு விதமாகக் கேட்கும். அதை ஒரு சென்னைப் பட்டியல் சொல்லாது.

அப்புறம் சாய் அபயங்கர். திப்பு, ஹரிணியின் மகன். 2024இல் ‘கட்சி சேர’, ‘ஆச கூட’ என்று தனிப்பாடல்களில் பெயரெடுத்துவிட்டு இந்த ஆண்டு டூட் படத்துக்கு இசையமைத்தார். பால் டப்பா என்ற ராப் பாடகரோடு அவர் செய்த ‘ஊறும் பிளட்’ ஓகஸ்ட்டிலிருந்து எங்கும் கேட்கிறது. எனக்கு அதில் பாட்டைவிட அவர் வந்த பாதைதான் முக்கியம். படம் இல்லாமல், நடிகர் இல்லாமல், ஒரு பாட்டை மட்டும் வைத்து ஒருவர் மேலே வர முடியும் என்பது நம் ஊரில் அறைக்குள் கணினியை வைத்துக்கொண்டு இசை செய்கிற பிள்ளைகளுக்குப் பெரிய செய்தி.

பழைய பாடல்களின் மறுவருகை தனியாகப் பேச வேண்டிய போக்கு. இது 2024இல் மஞ்ஞும்மல் பாய்ஸ் வழியே குணாவின் ‘கண்மணி அன்போடு’ திரும்பி வந்தபோது பெரிதாகியது. கிரிக்கெட் படமான லப்பர் பந்து 1989ஆம் ஆண்டின் பொன்மனச் செல்வன் பாட்டை மைதானத்துக்குக் கொண்டுவந்தது. இந்த ஆண்டு குட் பேட் அக்லியில் ‘ஒத்த ரூபாயும் தாரேன்’, ‘இளமை இதோ இதோ’, ‘என் ஜோடி மஞ்சக் குருவி’ என்று மூன்று வந்தன. இளையராஜா வழக்குப் போட, செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஒவ்வொரு டிசம்பர் 31 நள்ளிரவிலும் நம் நிலையங்கள் எல்லாம் போடுகிற புத்தாண்டு வாழ்த்துப் பாட்டு ‘இளமை இதோ இதோ’தான். அதே பாட்டு இந்த ஆண்டு நீதிமன்றம் போயிருக்கிறது. இசையமைத்தவருக்குரிய உரிமையில் நான் இளையராஜா பக்கமே. கைதட்டல் நிச்சயம் என்று தெரிந்த பழைய மெட்டை எடுத்து வைப்பது இன்றைய இசையமைப்பாளருக்குக் கிடைக்க வேண்டிய நிமிடங்களைத் தின்றுவிடுகிறது. ஆனால் பதினெட்டு வயது நேயர் ஒருவர் 1982ஆம் ஆண்டுப் பாட்டை முதல் தடவையாகக் கேட்டுவிட்டு அது யார் என்று கேட்பதில் எனக்கு மகிழ்ச்சியும் உண்டு. இரண்டையும் வானலையில் சொல்வேன். மார்ச் 8இல் இலண்டனில் ரோயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு இளையராஜா தன் முதல் சிம்பொனியை அரங்கேற்றியதையும் இதே பகுதியில் சொல்ல வேண்டும். 81 வயதில் ஒருவர் புதிதாக ஒன்றைச் செய்த ஆண்டில் நாம் அவருடைய பழைய பாட்டை மட்டும் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

செயற்கை நுண்ணறிவுக் குரலில் என் முடிவு கொஞ்சம் கடினமானது. 2024இல் லால் சலாமுக்காக பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ரஹ்மான் மீட்டெடுத்தார். குடும்பத்தாரின் அனுமதியோடும் ஊதியத்தோடும் செய்ததாகச் சொன்னார். வேட்டையனில் மலேசியா வாசுதேவன் குரல் வந்தது. கோட் படத்தில் ‘சின்ன சின்னக் கண்கள்’ பாட்டில் பவதாரிணியின் குரலை அவருடைய தம்பி யுவன் சேர்த்தார். பவதாரிணி காலமானது கொழும்பில், 2024 ஜனவரி 25ஆம் திகதி. அந்தச் செய்தியை இங்கேயிருந்து வாசித்தவர்களுக்கு அந்தப் பாட்டைச் சாதாரணமாகக் கேட்க முடியாது. இன்னொரு பக்கம், ஒரு தெலுங்குப் படத்தில் எஸ்.பி.பி.யின் குரலை அனுமதியில்லாமல் உருவாக்கியதற்கு அவருடைய மகன் சரண் சட்ட அறிவித்தல் அனுப்ப வேண்டியிருந்தது. இப்போது யூடியூபைத் திறந்தால் மறைந்த பாடகர்களின் குரலில் புதுப் பாடல்கள் குவிந்து கிடக்கின்றன. யாரிடமும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. குடும்பம் சம்மதித்த பாட்டைப் போடுவேன், இது கணினி உருவாக்கிய குரல் என்று பாட்டுக்கு முன்னாலேயே சொல்வேன். மற்றதை எத்தனை கோடிப் பார்வைகள் இருந்தாலும் போட மாட்டேன். இப்படி ஒரு கோட்டை எண்ணிக்கையும் கீறாது, வாக்கும் கீறாது.

அறிவிப்பாளர் தெரிவில் ஆபத்து இல்லையா? நிறைய இருக்கிறது. நண்பர் பாட்டு அனுப்புவார். அனுசரணையாளர் தன் விளம்பரத்தில் வந்த பாட்டைச் சொல்வார். நம் வயதுக்குப் பிடித்ததே எல்லாருக்கும் பிடிக்கும் என்று தோன்றும். எனக்கு ராப் பாட்டுக்கு முன்னால் மெலடியே வந்து நிற்கும். இதற்கெல்லாம் கட்டுப்பாடு வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஏன் என்று ஒரு நிமிடத்துக்குள் வானலையில் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாத பாட்டு வெளியே. ஓர் இசையமைப்பாளருக்கு இரண்டு பாட்டுக்கு மேல் கிடையாது. தயாரிப்பாளரும் வயதில் இளைய இன்னோர் அறிவிப்பாளரும் பட்டியலைப் பார்த்து, எதை நீக்க வேண்டும், எது விடுபட்டது என்று சொல்ல வேண்டும். தனக்கு நெருங்கியவர் பாட்டு என்றால் அதையும் நேயரிடம் சொல்லிவிட வேண்டும். இவ்வளவும் செய்தால் நேயர் உடன்படாமல் போகலாம். ஆனால் யாரோடு உடன்படவில்லை என்று அவருக்குத் தெரியும். நிலையத்துக்கு அழைத்து என்னோடு வாதாடலாம்.

உள்ளூர்ப் பாடல்களை எங்கே வைப்பது என்பது அடுத்த முடிவு. வழக்கமாக “நம் நாட்டுப் பாடல்கள்” என்று அரை மணித்தியாலம் ஒதுக்கிவிடுவார்கள். நல்ல எண்ணத்தோடு செய்வதுதான். ஆனால் அந்த அரை மணித்தியாலத்தில் நேயர் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். கலைஞருக்கும் அது இரக்கப்பட்டுக் கொடுத்த இடம் போலிருக்கும். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யும் ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யும் அந்தக் காலத்தில் திரைப்பாடல்களுக்கு நடுவில் ஒலித்துத்தான் கடல் கடந்து போயின. யொஹானியோடு ‘மெனிகே மகே ஹித்தே’யைப் பாடிய சதீஷனும் எந்த ஒதுக்கீட்டிலும் வந்தவரல்ல. 2023இல் கில்மிஷா சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் பட்டத்தை வென்றபோதும் அசானி பாடியபோதும் நாடே கேட்டது. இலங்கைக் குரல் என்று யாரும் தொலைக்காட்சியை நிறுத்தவில்லை. ஆகவே கலந்தே போட வேண்டும். சாய் அபயங்கர் பாட்டுக்கு அடுத்ததாக யாழ்ப்பாணத்து வாகீசனின் ராப் வரட்டும். ஒலித்தரம் சமமாக இல்லாவிட்டால் கலையகத்தில் சரிசெய்து போடுவது எங்கள் பொறுப்பு.

இருபதிலிருந்து ஒன்று வரை இலக்கம் போட்டு இறங்குவதா? விளம்பர இடைவேளையிலும் நேயரைப் பிடித்து வைக்க அதைவிடச் சிறந்த வழி இன்னும் வரவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும் எனக்கு வேண்டாம். ‘முத்த மழை’யும் ‘ஊறும் பிளட்’டும் ஒன்றோடொன்று போட்டி போடுகிற பாடல்களே அல்ல. ஜனவரியிலிருந்து மாத வரிசையில் போகலாம். அப்படிப் போனால் ஆண்டு எப்படி நகர்ந்தது என்பதும் கேட்கும். நவம்பர் வரும்போது ஆட்டப் பாட்டை நிறுத்திவிட்டு, மலையகத்திலிருந்து வந்த குரல் பதிவுகளுக்கு நேரம் கொடுக்கலாம். இலக்கப் பட்டியலில் அதற்கு இடமே இல்லை.

திகதி சின்ன விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 26 வேண்டாம். அது ஆழிப்பேரலையின் நினைவு நாள், காலை 9.25க்கு நாடே எழுந்து நிற்கும். 31 இரவு பலர் தேவாலயத்திலோ வெளியிலோ இருப்பார்கள். 28 ஞாயிற்றுக்கிழமை, காலை 10 மணியிலிருந்து மதியம் 1 மணி வரை வசதி. வீடுகளில் சமையல் நடக்கும், வானொலி ஓடும்.

அதற்கு முன் உள்ளூர்க் கலைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். வட்ஸ்அப்பில் சுருக்கி அனுப்பிய பதிவை வானலையில் போட்டால் சத்தம் உடைந்து கேட்கும். மூலப் பதிவை மின்னஞ்சலில் அனுப்புங்கள். பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், ஒலிப்பதிவு செய்தவர் என்று எல்லார் பெயரையும் தமிழில் எழுதி அனுப்புங்கள். பாட்டு எந்த ஊரில், யாருக்காகப் பிறந்தது என்று நாலு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. அதை வைத்துத்தான் நான் பேசப் போகிறேன்.